கடைசி வரி மனதைத் தொட்டது

...தொட்டதாம், கடைசி வரி மனதைத் தொட்டதாம். படிக்காத வரி எப்படித் தொடும்? அதையும் நானேதான் எழுதியிருக்கிறேன், நிலாநேசன் என்ற பெயரில், பக்கத்தில் குட்டிப் படமாக ஒரு கைகூப்பு, ஒரு பூங்கொத்து வேறு... பூங்கொத்து! அந்த வீட்டில் இன்று பூ வந்து இறங்கியிருக்கும், வேறு காரணத்துக்காக, நானும் இங்கிருந்து என் பங்குக்கு ஒரு கொத்து அனுப்பியிருக்கிறேன். பல் டாக்டரம்மா ஊசியைப் போட்டுவிட்டு, "மரத்துப் போகட்டும், அப்படியே இருங்க, வந்துடறேன்" என்று பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார். நாற்காலி பாதி படுக்கையாகச் சாய்ந்திருக்கிறது, தலைக்கு மேல் விளக்கு, நெஞ்சில் ஒரு காகிதத் துண்டு, கையில் கைப்பேசி. இந்தச் சனியனை வெளியிலேயே அணைத்துப் பையில் போட்டுவிட்டு வந்திருக்கலாம். வந்திருந்தால் இந்தப் பல்லைப் பிடுங்கி முடிக்கிற வரைக்குமாவது நல்லவனாக இருந்திருப்பேன். இடது பக்க உதடு தடித்துக்கொண்டே போகிறது, தொட்டுப் பார்த்தால் வேறு யாருடையதோ போல இருக்கிறது.

யார் செய்ததை யார் மேல் போடுவது, எங்கள் இணையக் கவிதைக் குழுவின் நெறியாளரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆளாளுக்குக் கவிதையைக் கொட்டிவிட்டு ஓடுகிறார்கள், யாரும் யாரையும் படிப்பதில்லை என்று அவருக்குக் கோபம் வந்து, மூன்று பேருடைய கவிதைக்குப் பின்னூட்டம் எழுதினால்தான் நம் கவிதையை ஏற்றுகிற பெட்டியே திறக்கும் என்று செய்துவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் எழுத வேண்டும் என்றுதானே விதி, படிக்க வேண்டும் என்று இல்லையே. ஒரே வாரத்தில் எல்லோரும் தேறிவிட்டோம். ஒருவர் எல்லாவற்றுக்கும் "ஆஹா" என்பார், ஒருவர் "கண்கள் பனித்தன" என்பார், கோடை பற்றிய கவிதைக்கும் பனிக்கும். நான் இன்னும் கெட்டிக்காரன். "அருமை. கடைசி வரி மனதைத் தொட்டது. தொடருங்கள்." இதைக் கைப்பேசியில் ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கிறேன், எடுப்பேன், ஒட்டுவேன். எந்தக் கவிதைக்கும் கடைசி வரி என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும், மாட்டிக்கொள்ளவே முடியாது! இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு நாள் தனியாகச் சிரித்ததுகூட உண்டு. சிரி, இப்போது சிரி, பாதி வாய்தான் சிரிக்கும்.

அந்தக் குழுவிலேயே படித்துவிட்டு எழுதுகிற ஆள் ஒருத்திதான், தூறல். தூறல் என்பது அவள் வைத்துக்கொண்ட பெயர், சொந்தப் பெயர் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது, வயது தெரியாது, என்னை அண்ணா என்று கூப்பிடுவதால் என்னைவிடச் சின்னவள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். என் கவிதைகளில் நிலா வராத கவிதை கிடையாது அப்போது. வேலைக்குப் போகிற வீட்டில் ஏணிமேல் நின்று துளை போட்டுக்கொண்டிருப்பேன், நான் ஜன்னல் பொருத்துகிறவன், அலுமினியச் சட்டம், கண்ணாடி, கொசுவலை எல்லாம், காதுக்குப் பக்கத்தில் துளைக்கருவி அலறும், மனதுக்குள் மட்டும் நிலா. அதற்கு அவள்தான் எழுதினாள், "அண்ணா, நிலாவைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கும் தெரிகிறது. நீங்கள் பொருத்துகிற ஜன்னலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதை எழுதுங்களேன்." படித்ததும் சுருக்கென்று இருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை, இவள் யார் எனக்குச் சொல்ல என்று மனைவியிடம் எகிறினேன். பிறகு போனேன். போய்த்தான் தீர வேண்டியிருந்தது, மற்றவர்கள் போட்ட பூங்கொத்தெல்லாம் சேர்ந்தும் அந்த இரண்டு வரிக்கு ஈடாகவில்லை. இத்தனை வயதில் நான் சொன்னதை ஒருத்தி உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டிருக்கிறாள். வீட்டில் கூட யார் கேட்கிறார்கள்?

அவள் எழுதுவது முழுக்க அவளுடைய அப்பாவைப் பற்றி. படுக்கையில் கிடக்கிற அப்பா, கரண்டியைக் கண்டதும் வாயை இறுக்க மூடிக்கொள்கிற அப்பா, முகச்சவரம் செய்து விட்டால் கண்ணாடி கேட்கிற அப்பா, எழுப்பினால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு "நான் இன்னும் தூங்கறேன்" என்கிற அப்பா. எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஏதாவது ஒரு நாள் அவள் எழுதவில்லை என்றால், அப்பா எப்படி இருக்கார், என்று யாராவது கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். கேட்டேனா? கேட்டதாகத்தான் ஞாபகம்... கேட்டிருப்பேன்.

நேற்று சாயங்காலம் ஜன்னல் கவிதையை ஏற்றினேன். நாள்கணக்காக மனதில் போட்டு உருட்டியது. பிறர் வீட்டுக்கு வானம் அளந்து கொடுத்துவிட்டு வருகிறேன், என் வீட்டு ஜன்னல் இன்னும் சரியாக மூடுவதில்லை, அவ்வளவுதான் கவிதை. வானம் என்று போடுவதா, வெளிச்சம் என்று போடுவதா என்பதில்தான் பெரிய போராட்டம். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்குத் தெரிவது வெளிச்சம்தான், உண்மை அதுதான், ஆனால் வானம் என்றால் கொஞ்சம் எடுப்பாக இருக்கிறதே... தூறல் வானத்தைப் பிடித்துக்கொள்வாள் என்று பயம். இருந்தாலும் வானமே போட்டேன். காலையில் பல் விளக்கும்போது, வலிக்கிற பல்லை விட்டுவிட்டு மற்றதை விளக்கும்போது, பார்த்தால் கீழே அவள். "அருமை அண்ணா." இதுவரை ஒரு தடவையாவது அருமை என்று சொன்னவளா அவள்? இது இன்னும் சரியாக வரவில்லை, இந்தச் சொல் உங்களுடையது இல்லை, இப்படித்தானே சொல்வாள்! வாயில் நுரையோடு சமையலறைக்கு ஓடினேன்.

"இங்க பாரு, தூறலே அருமைன்னு சொல்லிட்டா."

"யாரு, அந்த அப்பாவைப் பத்தி எழுதுற பொண்ணா?" என்றாள் மனைவி. "அவளே சொல்லிட்டாளா? அப்போ இன்னைக்குப் பல்லைப் பிடுங்கினாலும் வலிக்காது கவிஞருக்கு. முதல்ல வாயைக் கொப்பளிங்க, தரையெல்லாம் சொட்டுது."

வலிக்கத்தான் இல்லை, ஊசிகூட வலிக்கவில்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைக்காதபோதும் சிரித்துக்கொண்டே நின்றேன். வானம்தான் சரி, நம் உள்ளுணர்வை நாம் நம்ப வேண்டும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன், உள்ளுணர்வாம்! இங்கே வந்து வெளியில் காத்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை, சூட்டோடு சூடாக இன்னொன்று ஏற்றிவிடலாம் என்று தோன்றியது, பழையது ஒன்று கிடந்தது, நிலாதான், வேறென்ன. ஏற்ற வேண்டுமென்றால் மூன்று பின்னூட்டம். பட்டியலில் முதலில் நின்றது தூறலுடையது. "அப்பா காலையில் எழுந்திருக்கவில்லை" என்பது முதல் வரி. அட, அந்தப் போர்வைக் கவிதைக்கு அடுத்தது போல என்று நினைத்தேன், சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம் இவளுடையதை, அவசரத்தில் படிக்கக் கூடாது என்று ஒரு மரியாதை வேறு. எடுத்தேன், ஒட்டினேன். அடுத்தவருக்கு ஒட்டினேன், அதற்கடுத்தவருக்கு ஒட்டினேன், பெட்டி திறந்தது, நிலாவை ஏற்றினேன், உதவியாளர் பெண் என் முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டாள்.

ஊசிக்குப் பிறகு கைப்பேசியைத் திறந்தது எதற்கு? நிலாவுக்கு யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தூறல் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார் என்று மட்டும் இருந்தது, போனேன், "நன்றி அண்ணா" என்றிருந்தது, மகிழ்ந்தேன், ஆமாம், மகிழ்ந்தேன்... அதற்குக் கீழே கடுகு. கடுகு என்பவர் எப்போதாவது வருகிறவர், துணுக்கு மாதிரி எழுதுவார், நான் மதித்ததே கிடையாது. அவர் எழுதியிருந்தார். "யாருமே முழுசா படிக்கலையா? இது கவிதை இல்லைங்க. அவங்க அப்பா இறந்துட்டார்."

பிறகுதான் படித்தேன். ஆறு வரி. "அப்பா காலையில் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன். இங்கே அவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். மதியத்துக்கு மேல் எடுக்கிறோம்." ஒவ்வொன்றும் தனித்தனி வரி, எப்போதும் அப்படித் தட்டித் தட்டிப் பழகிய கை, வேறு எப்படி எழுதும்? கடைசி வரி அதுதான். மதியத்துக்கு மேல் எடுக்கிறோம். அது என் மனதைத் தொட்டது. தொடருங்கள் என்று சொல்லியிருக்கிறேன், எதைத் தொடர்வது? கூசுகிறது, உடம்பெல்லாம் கூசுகிறது, இந்த நாற்காலிக்கு அடியில் ஒரு இடம் இருந்தால் போய்ப் படுத்துக்கொள்வேன். எனக்கு மேலேயும் கீழேயும் நிறையப் பேர் இருந்தார்கள், ஆஹா இருந்தது, பனித்த கண்கள் இருந்தன, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாம் என்று ஒரு வாத்தியார் பாடம் எடுத்திருந்தார். இப்போது பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது, ஆளாளுக்கு அழித்துவிட்டுக் கழன்றுகொள்கிறார்கள், அழித்த கையோடு ஆழ்ந்த இரங்கல் என்று புதிதாகப் போடுகிறார்கள், முதல் தடவை வருகிறவர்கள் போல. நானும் அழிக்கலாம். அழித்தால் அதோடு அவளுடைய நன்றியும் போய்விடும். அப்பாவைக் கிடத்தியிருக்கிற வீட்டில் எங்கோ ஒரு மூலையில் நின்று எனக்கு ஒரு நன்றி தட்டியிருக்கிறாள், அதை நான் அழிப்பதா? அழிக்காவிட்டால் அந்தப் பூங்கொத்து அப்படியே நிற்கும்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "நாக்கு தடிச்ச மாதிரி இருக்கா?"

தலையாட்டினேன்.

"கண்ணு ஏன் கலங்கியிருக்கு? பயமா? ஒண்ணுமே தெரியாது, பேசாம இருங்க. இன்னும் கொஞ்ச நேரம்."

பேசாமல்தான் இருக்கிறேன். பேசினால் குழறும், யாரிடம் பேசுவது, அவளுடைய எண்ணும் கிடையாது. எழுதத்தான் வேண்டும். மன்னித்துவிடம்மா என்று ஆரம்பித்தேன். தங்கச்சி என்று போடுவதா, தூறல் என்றே போடுவதா, இந்த நேரத்தில் தூறல் என்று கூப்பிட்டால் அசிங்கமாக இல்லையா... படிக்காமல் சொல்லிவிட்டேன், படித்த பிறகு சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதினேன். எழுதிவிட்டு அதைப் பார்க்கிறேன், நடுவில் ஒடித்து இரண்டு வரியாகப் போட்டிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு நினைப்பு, சத்தியமாக வந்தது அந்த நினைப்பு, அவளுடைய அப்பா அங்கே கிடக்கிறார், நான் இங்கே வரி ஒடித்து அழகு பார்க்கிறேன். அந்த வரிகளை எடுத்துவிட்டேன். வெறும் மன்னித்துவிடு மட்டும் போதும், அதைக்கூட எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடக் கூடாது, அவளுக்கு மட்டும்... அவள் இனிமேல் வருவாளா? அப்பா இல்லாமல் எதை எழுதுவாள்? எழுதாவிட்டாலும் படிக்கவாவது வருவாளா? வராவிட்டால் என் கவிதையை யார்... பார், சுற்றிச் சுற்றி எங்கே வந்து நிற்கிறேன் என்று பார்.

அவள் படித்தாளே, இன்று காலையில்கூட. அந்த நாளிலும் என் ஜன்னலைப் படித்து அருமை என்று... இரு. எந்த நாளில்? எப்போது படித்தாள்? அப்பா எழுந்திருக்கவில்லை என்றால் விடிந்ததும் தெரிந்திருக்கும், அதற்கப்புறம் உட்கார்ந்து என் கவிதையை எதற்குப் படிக்க வேண்டும், தலையெழுத்தா? திரும்பிப் போனேன், என் கவிதைக்குக் கீழே போனேன், அவள் பெயரைத் தொட்டால் அவள் எழுதியதெல்லாம் வரிசையாக வரும், தொட்டேன். அப்பா பற்றிய ஆறு வரி. அதற்குச் சற்று முன்னால், அடுத்தடுத்து, மூன்று பேருக்கு மூன்று பின்னூட்டம். முதலாமவருக்கு "அருமை". இரண்டாமவருக்கு "அருமை". மூன்றாவது நான். "அருமை அண்ணா."

மூன்று போடாமல் யாருக்கும் பெட்டி திறக்காதே. அவளுக்கு மட்டும் திறந்துவிடுமா? அப்பா போய்விட்டார் என்று எங்களிடம் சொல்ல வந்திருக்கிறாள், மூன்று பேருக்குப் பின்னூட்டம் எழுதினால்தான் ஆச்சு என்று பெட்டி அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, கையில் கிடைத்த மூன்று பேருக்கு அருமை போட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். அதைத்தான் வாயில் நுரையோடு ஓடிப்போய்க் காட்டினேன். அதைத்தான் பேருந்து முழுக்கச் சுமந்துகொண்டு நின்றேன். மனைவிக்கு என்ன சொல்வேன்? ஒன்றும் சொல்ல மாட்டேன், பல்லைப் பிடுங்கியிருக்கிறது, பேசக் கூடாது என்று சைகை காட்டிவிடுவேன். அந்த அருமைக்குப் பக்கத்தில் அண்ணா என்று ஒன்று இருக்கிறதே, மற்ற இரண்டு பேருக்கு அது இல்லையே, அந்த நேரத்திலும் அண்ணா போடத் தோன்றியிருக்கிறது அவளுக்கு. அதற்காவது நான் இருந்திருக்க வேண்டாமா?

"மரத்துப் போச்சா?" டாக்டரம்மா உள்ளே வந்து கையுறையை இழுத்து மாட்டினார். ஏதோ ஒன்றால் உதட்டைத் தட்டினார். "இங்க தொட்டா தெரியுதா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"போனை வைங்க. நல்லா பெரிசா திறங்க."

கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன், எதையும் அழிக்கவில்லை, எதையும் அனுப்பவில்லை. விளக்கு முகத்துக்கு நேரே வந்தது. வாயைத் திறந்தேன். அப்படியானால் அவள் அதைப் படிக்கவில்லை. என் ஜன்னலை இன்னும் யாருமே படிக்கவில்லை. படித்திருந்தால் வானம் வேண்டாம் அண்ணா, வெளிச்சம் போதும் என்று சொல்லியிருப்பாள்... அல்லது, ஒருவேளை, வானமே இருக்கட்டும் என்று... எத்தனை நாள் கழித்துக் கேட்டால் தப்பாக இருக்காது?