சிவப்புக் குழாய்

ஆகஸ்ட் வெயில் ஈராக்கின் பஸ்ராவில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷம் ஸ்வீடனில் இருந்துவிட்டு வந்த நிதால், விடுதிப் பதிவேட்டில் ஊர் என்ற இடத்தில் பஸ்ரா என்றே எழுதினாள். போய்த் தங்க ஒரு சொந்தக்காரர் வீடுகூட மிஞ்சவில்லை என்பதை எழுத அதில் இடமில்லை.

"அம்மா, குளிக்கிறப்போ அந்தக் குழாய..." என்று ஆரம்பித்தான் விடுதிக்கார முகன்னத்.

"இந்த ஊர்ல பொறந்தவ நான். எனக்கே குளிக்கச் சொல்லித் தர்றியா? சாவியக் குடு."

அறைக்குப் போனதும் தலை குனிந்து, பச்சைத் தண்ணீருக்கான நீலக் குழாயைத் திறந்தாள். மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர் பிடரியில் சுளீரென்று விழுந்தது. அலறிக்கொண்டு விலகினாள். கோடையில் இங்கே ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஹீட்டருக்குள் வெயில் படாமல் கிடக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால் எல்லோரும் சிவப்புக் குழாயைத்தான் திறப்பார்கள். இது தெரியாத குழந்தைகூட இந்த ஊரில் கிடையாது. அவளுக்கும் தெரிந்ததுதான், கைதான் மறந்துவிட்டது.

குளித்துவிட்டு, கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?"

"ஜில்லுன்னு இருந்துச்சு."

அவன் அந்தத் துப்பட்டாவையே ஒரு நிமிஷம் பார்த்தான். கேலி செய்யவில்லை. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி அவள் பக்கமாக நகர்த்திவிட்டு, மரியாதையாகக் கேட்டான்:

"உங்க ஊருக்கு எப்போம்மா திரும்பிப் போறீங்க?"