வக்கீல் வீட்டில் வசனமில்லாத படங்கள்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு குறும்படத்தின் அடியில் கிடைத்தது. எந்த நாட்டுப் படமென்றுகூடத் தெரியாது. ஆறு நிமிடம்தான் ஓடும். அடியில் ஏதேதோ மொழிகளில் யார் யாரோ பின்னூட்டம் எழுதியிருந்தார்கள். நடுவே தமிழில் ஒன்று: ‘என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரித்தார். ரொம்ப நன்றி. பாளையங்கோட்டை.’

சிரித்ததற்கு எதற்கு நன்றி? என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. எழுதிய பெண்ணுக்குக் கோமு என்று பெயர் வைத்தேன். வீட்டுக்காரருக்கு மகேஸ்வரன். பெருமாள்புரத்தில், வேப்பமரம் நிற்கும் ஒரு தெருவில் வீடு பார்த்துக் குடிவைத்தேன். அந்தப் பின்னூட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் என் கற்பனை. (அந்தப் பின்னூட்டமும் கற்பனையாக இருக்கலாம் என்று நீங்கள் சந்தேகப்பட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘மகேஸ்வரன் எழுந்து பேச ஆரம்பித்தால் கோர்ட்டு வராந்தாவில் நிற்கிறவர்கள்கூட உள்ளே எட்டிப்பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வாய்க்கு ஒருநாள்—’

வேண்டாம். இது மேடையில் சொல்கிற கதை மாதிரி இருக்கிறது. நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். மகேஸ்வரன் வக்கீல். ஒரு ஐப்பசிக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பிரஷ் நழுவியது. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது கால் பாதி வந்திருந்தது, கை வரவில்லை, பேச்சும் வரவில்லை. ‘மெதுவாக’ என்பதற்கு அந்த ஊரில் சொல்கிற ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியது. “பைய.”

சாப்பிட்டீங்களா என்றால், பைய. தலை வலிக்கா என்றால், பைய. கோபத்தில் தட்டைத் தள்ளிவிடும்போதும் அதே பைய.

“நாம சொல்லுதது அவ்வொளுக்கு எம்புட்டு புரியுது டாக்டர்?” என்று கோமு கேட்டாள்.

“கொஞ்சம் புரியும். எவ்வளவுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பேச்சு அவருடையது, கேட்பது இவளுடையது. சட்னியில் உப்பு குறைந்ததைக்கூட வாதமாக எடுத்துவைப்பார். வண்ணார்பேட்டையில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிற கோமு, அங்கே பேசிவிட்டு வந்து வீட்டில் சும்மா இருந்து பழகியவள். இப்போது இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். டிவியில் யாராவது பேச ஆரம்பித்தால் மகேஸ்வரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

3.

ஒருநாள் சாயங்காலம் பேச்சுப் பயிற்சி வீடியோ ஒன்றைக் கோமு டிவியில் போட்டாள். ‘அ’ சொல்லுங்கள், ‘ஆ’ சொல்லுங்கள். அவர் சுவரைப் பார்த்தார். அவள் அடுப்பை அணைக்கப் போனாள். வீடியோ முடிந்து, அடுத்த படம் தானாக ஓட ஆரம்பித்தது.

ஒரு கிழவர் காலையில் எழுந்திருக்கிறார். அவருடைய நிழல் எழுந்திருக்கவில்லை. தட்டுகிறார், போர்வையை உருவுகிறார், காபி போட்டுப் பக்கத்தில் வைக்கிறார். நிழல் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட, நிழலில்லாமலே ஓடுகிறார். பஸ் கிளம்பும்போது பின்னாலிருந்து நிழல், சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவருகிறது.

அடுக்களையிலிருந்த கோமுவுக்கு ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடிவந்தாள். இருமல் இல்லை.

[இந்த இடத்தில் ‘அவள் கண்கள் நிறைந்தன’ என்று எழுதி அடித்திருக்கிறேன். உண்மையில் அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, படத்தை முதலிலிருந்து போட்டாள். தானும் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.]

4.

அதற்குப் பிறகு கோமு தேட ஆரம்பித்தாள். ‘பேச்சு இல்லாத படம்’ என்று அடித்தால் தாலாட்டும் குரங்குச் சேட்டையும் வந்து விழுந்தன. கொஞ்சநாளில் அவளுக்கு வழி பிடிபட்டது. படம் முடிந்ததும் ஓடுகிற பெயர்களை அணைக்காமல் பார்க்க வேண்டும். எடுத்தது ஏதாவது திரைப்படக் கல்லூரி மாணவர்கள் என்றால், அந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். அவர்களுடைய கூட்டாளிகள் எடுத்த படங்கள் வரும். குறும்பட விழாக்கள் நடத்துகிறவர்கள் தங்கள் பக்கத்தில் பழைய படங்களைச் சும்மாவே போட்டுவைத்திருப்பார்கள். பின்னூட்டங்களில் யாராவது, இது பிடித்ததென்றால் அதையும் பாருங்கள் என்று எழுதியிருப்பார்கள். ஊரே பார்த்த படங்களைவிட, யாரும் அதிகம் எட்டிப்பார்க்காத படங்களில்தான் விளையாட்டு அதிகம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலேயே போனில் பார்த்துவைப்பாள். ஆஸ்பத்திரி வருகிற படம் வேண்டாம். யாராவது சாகிற படம் வேண்டாம். ஒரு தெருவின் ஜன்னல்களெல்லாம் ஆர்மோனியக் கட்டைகளாக மாறுகிற படம், மழையைத் துணி மாதிரி மடித்து பீரோவில் வைக்கிற பெண்ணின் படம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே, “ஏங்க, இன்னைக்கு ஒண்ணு ஆம்புட்டுருக்கு” என்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் முதலில் பேச ஆரம்பித்தது இப்போதுதான்.*

* இதை நான் திட்டமிட்டு எழுதவில்லை. எழுதி முடித்துப் படித்தபோதுதான் கவனித்தேன்.

5.

மகேஸ்வரனின் அண்ணன் சிவசைலம் ஒருநாள் வந்திருந்தபோது, ஒரு வாத்துப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சாட்சிக் கூண்டில் ஒரு வாத்து. நீதிபதியிலிருந்து டவாலி வரைக்கும் எல்லாரும் வாத்துக் குரலில் கத்துகிறார்கள். வாத்து மட்டும் வாயைத் திறக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டுப் பக்கம் குனிந்து, குழைவாக நீளமாக ஏதோ கத்துகிறார்.

மகேஸ்வரன் இடது கையை உயர்த்தி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “பைய!”

அவர் எழுந்த பிறகுதான் படத்தில் இன்னொரு வக்கீல் ஆட்சேபம் சொல்லக் கையை உயர்த்திக்கொண்டு எழுந்தார்.

கோமு அதைப் பார்த்தாள். சிவசைலம் வாத்தைத்தான் பார்த்தார்.

“எப்பேர்ப்பட்ட வக்கீலு. பொம்மப் படம் பாத்துச் சிரிக்கான். சின்னப்பிள்ளையா ஆயிட்டானே கோமு” என்றார். குரல் உடைந்திருந்தது.

“இல்ல அத்தான். அவ்வொளுக்குப் புரியுது.”

“வாத்து கத்துதது புரியுதோ?” என்று கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

6.

‘மகேஸ்வரன் மனதுக்குள் நினைத்தார்: நான் இங்கேதான்—’

முடியவில்லை. நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலு தடவையும் மிக அழகாகப் பேசினார். பேச்சை இழந்த மனிதருக்குள் உட்கார்ந்துகொண்டு நான் பேசுகிறேன். அந்தக் குழைவான வாத்து வக்கீலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே அவர் மனதுக்குள் நான் போகப்போவதில்லை. வாசலோடு நின்றுகொள்கிறேன்.

7.

மகள் ப்ரியா ஹைதராபாத்திலிருந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

“எம்மா, நீ ஆபீஸ் போன பெறவு அப்பா தனியாத்தான இருக்காவ. போன மாசம் குளிக்கப் போன இடத்துல வழுக்குனப்ப சமைக்க வந்த தனலட்சுமி அக்கா பிடிக்கலன்னா என்ன ஆயிருக்கும்? என் வீட்டுக்குப் பக்கத்துலயே பயிற்சி குடுக்குத இடம் இருக்கு. மொதல்ல அப்பா வரட்டும். நீ ரிட்டயர் ஆனதும் வா.”

“அவ சொல்லுதது நியாயந்தான்” என்றார் சிவசைலம். “இவனுக்கு எங்கன இருந்தாலும் ஒண்ணுதான்.”

ப்ரியாவை நான் கெட்டவளாக எழுதிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். அவள் ராத்திரியெல்லாம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அது அடித்துவிடக் கூடாதே என்று படுத்திருக்கிறவள்.

மகேஸ்வரன் இடது கையால் ரிமோட்டை எடுத்தார். படங்களின் மேல் ஏறி இறங்கினார். தவறிப் போய்த் திரும்பி வந்தார். ப்ரியா உதவிக்குக் கை நீட்டினாள்.

“விடு” என்றாள் கோமு.

அவர் ஒரு படத்தைத் திறந்தார். கோமு அதைப் பார்த்ததேயில்லை. அவள் ஆபீஸுக்குப் போன பிறகு, இந்த வீட்டில் தனியாக இருந்த மனிதர் தானாகவே தேடிக் கண்டுபிடித்த படம்.

ஒரு ஆள் முதுகில் ஒரு கதவைக் கட்டிச் சுமந்துகொண்டு நடக்கிறான். சந்தையில் நிறுத்தி வைக்கிறான். ஜனங்கள் அதைத் திறந்து அந்தப் பக்கம் போகிறார்கள். மலையில் நிறுத்துகிறான், ஆடுகள் போகின்றன. கடைசியில் ஆளில்லாத வயல்வெளியில் நிறுத்தி, தாழ்ப்பாளில் கை வைக்கிறான்.

மகேஸ்வரன் படத்தை அங்கே நிறுத்தினார். கையால் திரையைக் காட்டினார். பிறகு அவர்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

(கதவு என்பது எவ்வளவு சுலபமான குறியீடு என்று எனக்கும் தெரியும். முதலில் குடையாகத்தான் எழுதினேன். குடையைத் தட்டி, உள்ளே வரலாமா என்று யாரும் கேட்க முடியாது.)

“வாரேங்காவ. எங்க வேணும்னாலும் வாரேன்னு சொல்லுதாவ” என்றாள் ப்ரியா.

“இல்ல. வீட்டை விட்டுட்டு வரமாட்டேங்காவ” என்றாள் கோமு.

இரண்டு பேரும் சிவசைலத்தைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியைத் தம்பிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு நாளும் அவர் தம்பியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏலே மகேசா” என்றார் மெதுவாக. “நீ என்னலே நெனைக்க?”

8.

அவர் காட்டிய பதிலை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் ரிமோட்டை ப்ரியாவின் கையில் வைத்தார். ஒன்றில் கோமுவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வேண்டாம், அதில் மறுபடியும் என் குரல் வந்துவிட்டது. மூன்றையும் கிழித்தேன்.

நான் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ப்ரியா அந்த வாரம் தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினாள். “அடுத்த மாசம் வாரேன் அப்பா. உங்ககிட்டயே கேட்டுக்கிடுதேன்” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் போவாரா, இருப்பாரா என்று என்னிடம் கேட்காதீர்கள், கோமுவிடமும் கேட்காதீர்கள். அவர் எதிரே ஒரு நாற்காலி கிடக்கிறது. உட்கார்ந்து அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும். எழுந்து போய்விடாதீர்கள்.