சுவரில் இடுப்பு சாய்த்த பெரியம்மா

ஜின் என்ற மதுவை வடிக்கும் எங்கள் ஆலையின் சுவர் எவ்வளவு தடிமன் என்று யாராவது கேட்டால், உள்ளே ஒருவர் தும்மினால் அந்தச் சத்தம் வெளியே வந்து சேர்வதற்குள் அவருக்குச் சளியே குணமாகிவிடும் என்பேன். பக்கத்தில் நிற்கும் என் மனைவி, "ரெண்டு முழம். அவ்வளவுதான்" என்பாள்.

நான் அங்கே சரக்கு காய்ச்சும் கொப்பரையைப் பார்த்துக்கொண்டு இருந்து ஓய்வுபெற்றவன். அவள் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தவள். இப்போது இருவரும் சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு ஆலையைச் சுற்றிக்காட்டுகிறோம். நான் சொல்வேன், அவள் கழிப்பாள். மிச்சம் இருப்பதுதான் வரலாறு.

ஆலையின் நடுவே நிற்பது செப்புக் கொப்பரை. அகன்ற இடுப்பு, ஒல்லிக் கழுத்து. அந்தக் கழுத்தும் மேலே போய் வளைந்து, பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று எட்டிப்பார்ப்பதுபோல அடுத்த அறைக்குள் நீண்டிருக்கும். அதனால் பெயர் பெரியம்மா. சாராயத்தோடு ஜூனிப்பர் காய், கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு அடியில் சூடேற்றினால் ஆவி மேலே ஏறி, அடுத்த அறைக் குழாயில் குளிர்ந்து சொட்டும். முதலில் சொட்டுவது விஷம், கடைசியில் சொட்டுவது நாற்றம். நடுவில் வருவதுதான் ஜின். அதன் வாசனைக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் பூனைகூடக் கவிதை எழுதும். (பூனை எழுதவில்லை, கொட்டாவிதான் விட்டது என்பது மனைவியின் திருத்தம்.)

பெரியம்மாவின் ஒரு பக்க இடுப்பு பின்சுவரின் குழிவுக்குள் புதைந்திருக்கும். அந்தக் குழிவு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லிவந்த கதை இது: ஒரு கோடையில் கொதி ஏறிப்போய், பெரியம்மா கோபத்தில் உப்பி, சுவரையே பின்னால் தள்ளிவிட்டாள். குழந்தைகள் கைதட்டும். பெரியவர்கள் கொப்பரையைவிட்டு ஓரடி தள்ளி நிற்பார்கள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி புதுக் கைக்கு மாறியது. பெரியம்மாவைப் பிரித்து ஊருக்கு வெளியே புதுத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போவது, கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டுவது என்று அவர்கள் திட்டம். குறுக்கே நின்றது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறை ஒன்றுதான். கொப்பரை கட்டடத்தின் அங்கம் என்றால் இரண்டையும் யாரும் தொட முடியாது. பின்னால் கொண்டுவந்து வைத்த சாமான் என்றால், முதலில் பெரியம்மா போவாள், பிறகு கட்டடம். அதை நேரில் பார்த்து முடிவெடுக்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது.

அன்று காலை வாசலிலேயே மனைவி என்னை நிறுத்தினாள். "இதப் பாருங்க, இன்னைக்கு உங்க வாய்ல ஒரு பொய் வந்துச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"பொய் இல்லம்மா, அலங்காரம்."

"அந்த அலங்காரத்தையெல்லாம் இங்கேயே கழட்டி வச்சிட்டு உள்ளே வாங்க."

அதிகாரி வந்தார். கூடவே, சட்டைக்கும் சேர்த்துக் கஞ்சி குடித்தவர்போல விறைப்பாகக் கம்பெனி வக்கீல். அதிகாரி என்னைப் பார்த்ததும் நின்றார். "போன வருஷம் குடும்பத்தோட வந்திருந்தேன். கொப்பரை வீங்கி சுவத்தைத் தள்ளிடுச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வக்கீல் சிரித்தார். "சார், கதவைப் பாருங்க, கொப்பரையைப் பாருங்க. தகடு தகடா உள்ளே கொண்டுவந்து இங்கேயே ரிவெட் ஆணி அடிச்சு இணைச்சிருக்காங்க. அதே மாதிரி பிரிச்சு எடுத்துட்டுப் போறோம். இவர்கிட்ட சாட்சி கேட்டா, கொப்பரை தானா நடந்து வந்துச்சும்பார்."

நான் நிமிர்ந்து நின்று, அலங்காரமில்லாத உண்மையைச் சொன்னேன். முதல் முதலாளி ஆத்திரக்காரர். கூரைக்கு வழி செய்வதற்கு முன்பே ஏலத்தில் கொப்பரையை எடுத்துவிட்டார். அது ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் நின்றது. பிறகுதான் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். கொத்தனார் நல்ல தொழிலாளிதான், ஆனால் முதலாளி உபசரித்த சரக்கை மறுக்கத் தெரியாதவர். அஸ்திவாரம் போட்டபோது கணக்குத் தவறி, பின்சுவர் நேராகப் பெரியம்மாவின் இடுப்பில் போய் முட்டியது. சுவரை இடிக்க அவருக்கு மனசில்லை, கொப்பரையை நகர்த்த ஆளில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாகச் செதுக்கி, இடுப்புக்கு ஏற்ற குழிவாக அடுக்கினார். முதலாளி கத்தியபோது, "அம்மாவுக்குச் சாஞ்சுக்க எடம் விட்டேன்யா" என்றாராம்.

நான் முடித்ததும் வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "வீங்குன கதையே பரவால்ல சார்."

அதிகாரியும் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் ஒழுங்காகப் பேசினேன், அன்றைக்குத்தானா இது! பெரியம்மாவை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூசியது.

அப்போது என் மனைவி முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்து, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தாள். "சார், இவர் வாயைப் பார்க்காதீங்க. இதை அந்த இடுக்குல விட்டு, டார்ச் அடிச்சு, குழியைப் பாருங்க."

அதிகாரி மண்டியிட்டார். கொப்பரைக்கும் சுவருக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி நுழையும் இடம்தான். கண்ணாடியை மெல்ல உள்ளே நீட்டினார். பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"வக்கீல் சார், இங்க வாங்க."

கொத்தனார் செங்கல்லை அழுத்தியபோது பிதுங்கிய சுண்ணாம்புக் கலவை, செம்பின்மேல் போய் மோதி நசுங்கியிருந்தது. பின்னாளில் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி செம்பு கொஞ்சம் விலகிக்கொண்டாலும் அச்சு அப்படியே நின்றுவிட்டது. அதில் வரிசையாகக் குழி குழியாக, ரிவெட் தலைகளின் அடையாளம். ஒவ்வொரு குழிக்கும் எதிரே, கொப்பரையில் அதே ரிவெட்.

"கலவை ஈரமா இருந்தப்பவே முழுக் கொப்பரை இங்க நின்னிருக்கு" என்றார் அதிகாரி.

வக்கீல் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "இருக்கட்டும் சார். பிரிச்சு எடுக்கலாம்தானே?"

"கட்டடத்துக்குள்ள வந்த சாமான்னா எடுக்கலாம். இது உள்ளே வரவே இல்லியே! கட்டடம்தான் இதைத் தேடி வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுன்னுதான் எழுதப்போறேன். யாரும் கைவைக்க முடியாது."

பெரியம்மா அப்போது ஒரு சுற்றுப் பருத்தாள் என்று நான் சத்தியம் செய்யத் தயார். எனக்கும் மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. (தெறித்தது உண்மை. அது முன்பே தொங்கிக்கொண்டிருந்தது என்கிறாள்.) அந்தக் கொத்தனாரை எங்கள் ஆலையின் அவமானம் என்று இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்தேனே, அவருக்கு அல்லவா வாசலில் சிலை வைக்க வேண்டும்!

வக்கீல் காரில் ஏறிப் போனபிறகும் அதிகாரி வாசலில் தயங்கி நின்றார்.

"பெரியவரே, ஒரு உதவி. வேலை முடிஞ்சிடுச்சு. அந்த வீங்குன கதையை இன்னொரு தடவை சொல்லுங்களேன். என் பொண்ணு வீட்டுல தினமும் கேக்குறா, எனக்கு உங்க மாதிரி சொல்ல வரல."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தெருவைப் பார்த்தாள். போதாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "அது ஒரு கோடை சார். காக்காகூட நடந்துதான் போச்சு. பெரியம்மாவுக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம், அப்படியே உப்பி, சுவத்தை ஒரு முழம் பின்னால..."

"ஏங்க," என்றாள் என் மனைவி கண்டிப்பாக. "போன சனிக்கிழமை ரெண்டு முழம்னீங்க. ஒழுங்கா சொல்லுங்க."