மலையேறிய குளத்துத் தண்ணீர்

மேட்டுப்பாளையத்தில் வேன் கிளம்பும்வரை செவ்வந்தி வருவாள் என்று ரெபேக்கா நம்பவேயில்லை. மலை ஏரிக்கு ஒருநாள் நடை, இரண்டு பேருக்கு இடம் போட்டாச்சு என்று வாட்ஸப்பில் அனுப்பியதற்கு ஒற்றைக் கட்டைவிரல்தான் பதில். டிரைவர் கதவைச் சாத்தப் போகும்போது காய்கறி மண்டிப் பக்கமிருந்து ஓடி வந்தாள். அதே பழைய ஓட்டம். பை ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம்.

ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "நல்லாருக்கறீங்ளா?" என்றாள்.

அந்த 'ங்ளா' ரெபேக்காவுக்கு உறுத்தியது. கோயமுத்தூர்ப் பக்கம் நாய்க்குட்டியைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவார்கள். ஆனால் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போனவள் இப்படிக் கேட்கலாமா?

"இருக்கேன்," என்றாள்.

அவள் பைக்குள் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, செவ்வந்தியின் பேர் எழுதிய தன் கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று, பழைய ஊறுகாய் பாட்டிலில் சிங்காநல்லூர் குளத்துத் தண்ணீர்.

பள்ளிக்கூட நாட்களில் அது அவர்கள் இரண்டு பேரின் சடங்கு. டியூஷனைக் கட்டடித்துவிட்டுச் சைக்கிளை மிதிப்பார்கள். சிங்காநல்லூரில் மொண்ட தண்ணீரை வாலாங்குளத்தில் ஊற்றி, அங்கே மொண்டதைப் பெரியகுளத்தில் ஊற்றி, அப்படியே கோயமுத்தூர்க் குளங்களுக்கெல்லாம் ஒன்றையொன்று அறிமுகம் செய்து வைத்தார்கள். பின்னால் உட்கார்ந்து பாட்டிலைப் பிடித்துக்கொள்வது செவ்வந்தியின் வேலை. குழியில் சைக்கிள் இறங்கும்போதெல்லாம் ரெபேக்காவின் முதுகு நனையும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் பாசி வாடை போகாது. "மலை மேல ஒரு ஏரி இருக்குதாமா, கடேசியா அதுக்கு ஊத்தோணும்" என்று சொல்லிச் சொல்லியே படிப்பு முடிந்துபோனது.

அப்புறம் செவ்வந்தியின் கல்யாணம் வந்தது. பவானி ஊர் மாப்பிள்ளை. பத்திரிகை வாட்ஸப்பில் மட்டும் வந்தது. தெருவில் இருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் தட்டோடு போய்க் கூப்பிட்டவர்கள், ரெபேக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "ஊட்டுக்கு வந்து கூப்பிடாத கல்யாணத்துக்கு எப்படி கண்ணு போறது?" என்றாள் அம்மா சாராள். தைத்து வைத்த ஜாக்கெட்டை ரெபேக்கா பீரோவுக்குள் தள்ளினாள். இரண்டு வருஷம் பேச்சில்லை. இன்றைக்குப் பத்திரிகையை நீட்டினால் வாங்குவாளா, வாங்கினாலும் வருவாளா? அதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

காட்டு முகப்பில் வழிகாட்டி வேலன் சேர்ந்துகொண்டார். "சத்தம் போடாம வாங்க. நான் நிக்கச் சொன்னா நிக்கோணுங்க" என்றதோடு சரி. சோலைக்குள் ஒற்றையடிப் பாதை. அதைத் தாண்டினால் புல்மேடு, அப்புறம் இன்னொரு புல்மேடு. காற்று காதைக் கடித்தது. ரெபேக்கா வழுக்கியபோது செவ்வந்தி கையைப் பிடித்து இழுத்தாள், உடனே விட்டுவிட்டாள்.

கடைசி மேட்டில் ஏறியதும் கீழே ஏரி. யாரோ வைத்துவிட்டு மறந்துபோன தட்டு மாதிரி, அசையாமல், வானத்தை ஏந்திக்கொண்டு கிடந்தது. கூட வந்தவர்கள் போட்டோ எடுக்க இறங்கினார்கள். ரெபேக்கா பாட்டிலை வெளியே எடுத்தாள்.

செவ்வந்திக்குக் கண் விரிந்தது. "அடிப்பாவி! இன்னுமா வெச்சிருக்கற?"

"நேத்துத்தான் மொண்டேன்."

மூடியைத் திறந்ததும் வாடை குப்பென்று வந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. அதற்குள் வேலன் வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, என்னங்க அது?"

"எங்க ஊர்க் கொளத்துத் தண்ணிங்க. இதுல கொஞ்சூண்டு..."

"ஐயோ, ஊத்தீராதீங்க! மான், காட்டெருமையெல்லாம் குடிக்கற தண்ணிங்க இது. மூடுங்க மொதல்ல!"

மூடினாள். இத்தனை வருஷம் கழித்து இவ்வளவு தூரம் தூக்கி வந்து ஒரு சொட்டுக்கூட விடமுடியவில்லை. ரெபேக்காவுக்குக் கண் கலங்கியது. பாறையில் உட்கார்ந்தவள் கேட்டே விட்டாள்.

"என்னைய ஏண்டி ஊட்டுக்கு வந்து கூப்பிடல?"

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு?"

"உன்ற கல்யாணத்துக்கு."

"உன்னையக் கூப்பிடோணுமா? முந்தின நாளே வந்து காய் அரியறவங்களுக்கு எவடி தட்டுல பத்திரிக வெப்பா? என்ற அக்காவுக்கு வெச்சனா, சித்திக்கு வெச்சனா? உன்ற சேலைக்கு வளையல்கூட வாங்கி வெச்சுப்போட்டு, மணவறைல உக்காந்துட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன். நீ வரல. சரி, நாமதான் சொந்தம்னு நெனச்சுட்டோம், அவ நெனைக்கலன்னு உட்டுட்டேன்."

ஏரியில் காற்று ஒரு சுருக்கம் போட்டுவிட்டுப் போனது. பைக்குள் கையை விட்ட ரெபேக்காவுக்குப் பத்திரிகையின் முனை தட்டுப்பட்டது. அதை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்டி."

"தெரியும். உங்கம்மா ஸ்டேட்டஸ் வெச்சிருந்தாங்க. பத்திரிக எங்க?"

"உனக்குக் கெடையாது."

செவ்வந்தி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"முந்தின நாளு வெடியால வந்துரு," என்றாள் ரெபேக்கா. "பந்தலுக்கு வாழமரம் கட்டோணும். காய் அரியோணும்."

செவ்வந்தி மூக்கை உறிஞ்சினாள். "வெங்காயம் மட்டும் உரிக்க மாட்டேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

வேலன் கிளம்பச் சொல்லிக் கையசைத்தார். செவ்வந்தி பாட்டிலைப் பிடுங்கித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"குடு இக்கட்ட. நீ வழுக்கி வழுக்கி உழுவ. போறப்ப நம்ம கொளத்துலயே ஊத்திப்போட்டு உங்க ஊட்டுக்குப் போலாம். பசிக்குது, அம்மாவ தோச ஊத்தி வெக்கச் சொல்லுடி."