கழுத்தை நீட்டும் எலிகள்

கீழக்கரம்பூர் வயல் எலிகளுக்குக் கிட்டிப்பொறியில் இரை வைத்தால் மட்டும் போதாது. பக்கத்தில் நின்று பேசவும் வேண்டும். பேச்சு பிடித்துவிட்டால் எலி கழுத்தை நீட்டும். வளைத்துக் கட்டிய மூங்கில் நிமிரும், கயிறு இறுகும்.

துண்டுப் பிரசுரங்களிலேயே எழுத்துக் கற்று, ஊர் ஊராக மேடையேறிச் சிறைக்கும் போய்வந்த காத்தையனின் வயலில் மட்டும் ஓர் எலியும் விழவில்லை. போராடி வாங்கிய அரைமா நிலம் அது. எலிகள் பால்பிடித்த கதிரைச் சாய்வாக அறுத்து இழுத்துப்போய், ஈரமண்ணால் வளையை அடைத்துக்கொண்டு தின்றன. கூலிப் போராட்ட வரலாற்றை அவர் தொடங்கினால் ஒரு கிழட்டு எலி எட்டிப் பார்க்கும். கொட்டாவி விட்டுத் திரும்பிவிடும். அது திரும்பினால் மற்றவை வருவதில்லை.

"நன்றிகெட்ட சனியன்களா! உங்களுக்காகவா அடிபட்டேன்?"

அடுத்த வயல் பெரிய பண்ணையுடையது. அங்கே கூலிக்குக் கிட்டி வைக்கும் நாகூரான், கடைமடைக்குத் தண்ணீர் வருகிறது, ஆளுக்கொரு வீடு வருகிறது என்று சொல்லச் சொல்ல மூங்கில்கள் பட்பட்டென்று நிமிர்ந்தன.

"உண்மைய எலி திங்காது மாமா. கொஞ்சம் பொய்யத் தடவு."

"பண்ணைக்கு வளைஞ்சது உன் முதுகுடா. என் நாக்கு வளையாது."

காத்தையனின் மனைவி தைலம்மை கதிர் போன வெறும் நெல்தாள்களை அள்ளிவந்து அவர் காலடியில் போட்டாள்.

"மிச்சம் ஒரு மூலைதான்யா நிக்குது. அதுவும் போனா நெலத்தப் பண்ணைக்கே குடுத்துட்டுப் போகவேண்டியதுதான். எலிகிட்டதானே, சொல்லித் தொலையேன்."

காத்தையனுக்குக் காதுமடல் சுட்டது. வரப்பில் ஏறி நின்றார்.

"தோழர்களே! நாம ஜெயிச்சுட்டோம்!"

அடைத்த வளைகள் உடைந்தன. கிழட்டு எலிதான் முதலில் வந்தது.

"இனி எவன் முன்னாலயும் துண்டை இடுப்புல கட்ட வேணாம்! நெலமெல்லாம் நம்மளுது!"

கிட்டிகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்துகொண்டே இருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசி எலியும் விழுந்த பிறகு வாயை மூடியவர், தலையை நிமிர்த்தினார். எதிர்வரப்பில் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. பல வருடங்களாக அவர் கூட்டத்தை எட்டியும் பாராதவர்கள். எல்லோரும் கழுத்தை நீட்டியிருந்தார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க" என்றது ஒரு குரல்.

நாகூரான் அவர்களின் கழுத்துகளைக் கண்ணால் அளந்தபடி, பெரிய மூங்கில்களைப் பிளக்கத் தொடங்கியிருந்தான்.

காத்தையன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்.