ஏஞ்சல் நிமிர்த்திய வாய்க்கால்

ஏஞ்சல் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் வெட்டிய பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதித்து மிதித்து நெய்ய வேண்டும். மழை வந்தால் கூரை ஷீட்டிலிருந்து கொட்டுகிற தண்ணீர் சுவரோரம் தேங்கி, அடியில் ஊறி, நேராக அந்தக் குழிக்குத்தான் வரும்.

இந்த வருஷம் தறியில் இருந்தது தங்கை திரிஷாவின் கல்யாணப் புடவை. சர்ச்சில் கட்டப்போகிற புடவை. பால் நிறப் பட்டு, ஓரத்தில் மெல்லிய சரிகை. சேற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்தாலும் போச்சு. அக்கா நெய்ததைத்தான் கட்டுவேன் என்று அந்தப் பெண் வேறு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அதனால் ஏஞ்சலின் கணவன் சிட்டிபாபு, ஆட்டோ ஓட்டுகிறவன், தன் கூட்டாளி சாமுவேலைக் கூட்டி வந்தான். சாமுவேலுக்குப் பைப்பு வேலை. கூரை விளிம்புக்கு அடியில் மரச்சட்டம் அடித்து, அதில் கிளிப்புகளை முடுக்கி, குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலை மாட்டினான். மூலையில் இறங்குகிற பைப்பு. அதன் அடியில் எல்போ என்கிற வளைந்த துண்டு ஒன்றை வைத்து, தண்ணீர் சுவரைத் தொடாமல் தெருக் கால்வாயில் விழும்படி திருப்பிவிட்டான். டீ குடித்தான், போய்விட்டான்.

ஏஞ்சல் வாசலில் நின்று பார்த்தாள். பைப்புப் பக்கம் வாய்க்கால் லேசாக இறங்கி இருந்தது. உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அது தெரியவே தெரியாது, கண்ணுகளா. ஆனால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை தொய்ந்தாலும் தூக்கம் வராதவள் அவள். சாமுவேல் அவசரத்தில் கோணலாக அடித்துவிட்டான் என்றே நினைத்தாள். திரும்பக் கூப்பிட்டு மனசு நோக வைப்பானேன் என்று தானே ஏணியைப் போட்டாள். மிச்சப் பட்டு நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி, கிளிப்புகளைக் கழற்றி, ஏற்றி ஏற்றி மாட்டினாள். இறங்கி வந்து பார்த்தால் பாவு நீட்டியது போல அத்தனை நேர். நிம்மதியாக நெய்யப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. வாய்க்கால் விளிம்புவரை நிரம்பி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்று, கடைசியில் தறி இருக்கிற பக்கமே வழிந்தது. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். ஏஞ்சல் புடவைக்கு மேலே மழைக்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டாள். சிட்டிபாபு ஒரு கையால் தண்ணீரை மொண்டு ஊற்றியபடி, மறுகையில் போனைப் பிடித்துச் சாமுவேலைத் திட்டித் தீர்த்தான்.

சாமுவேல் நனைந்துகொண்டே வந்தான்.

“இன்னா வேல செஞ்சிகீற நீ? அதுல மீனு வளக்கலாம் போ,” என்றான் சிட்டிபாபு.

சாமுவேல் அண்ணாந்து பார்த்தான். விளிம்போரம் ஒரு பால் நிற நூல், மழைத்துளிகளைக் கோத்துக்கொண்டு மணிமாலை மாதிரி தொங்கியது.

“பைப்பு வேலைக்கு நான் பட்டு நூலு எடுத்துக்கினு வர்றதில்லபா.”

சிட்டிபாபு நூலைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

“நான்தான் ஏத்திக் கட்னேன். கோணலா இருந்துச்சு,” என்றாள் ஏஞ்சல், மழைக்கோட்டை விடாமல். “எறக்கிடுண்ணா. பொடவ நனைஞ்சிடப் போவுது.”

“கோணலா இருந்தாத்தாம்மா தண்ணி பைப்புக்குப் போவும். நேரா நிக்க வெச்சா அது எங்க போவும், நீயே சொல்லு.”

தூறலிலேயே ஏணி ஏறினான். பைப்புப் பக்கத்துக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. நின்றிருந்த தண்ணீர் கடகடவென்று ஓடிப் பைப்பில் விழுந்து, தெருக் கால்வாயில் கொட்டியது. சுவரோரம் வழிவது நின்றது. குழியை மொண்டு காயவைத்தார்கள். புடவையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. திரிஷா அதைத்தான் கட்டினாள்.

இப்போதும் வாசலுக்கு வந்தால் ஏஞ்சலின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்துகொள்கிறது. அப்படிப் பார்த்தால்தான் அவளுக்கு வாய்க்கால் நேராகத் தெரிகிறதாம். எதிர்வீட்டுப் பட்டம்மாள் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து, தைலம் கொண்டு வந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல் ஏஞ்சல் வாங்கி வைத்துக்கொண்டாள்.