பின்னம் ஆரம்பம்

ரேடியோ எழுதி முடித்த தாளைத் துணி வெட்டும் மேசையின் மேல் திருப்பி வைத்தாள். அவளுடைய வகுப்புத் தோழி புரொபசர் குனிந்து பார்த்தாள். மூன்றாவது வரியிலேயே கணக்கு வழி மாறி வேறு எங்கோ போயிருந்தது. எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே இரண்டு என்று அவள் சொல்லியிருந்தாள். ஒன்றுக்குக் கீழே மட்டும் இரண்டு விழுந்திருந்தது. அதற்கு அடுத்த பத்து வரிக்கும் அதே கதிதான்.

“இதுகூடவா தெரியாது உனக்கு? முழுசுக்கும் கீழதான ரெண்டு வரணும். கொஞ்சம் யோசிச்சு எழுதலாம்ல?”

ரேடியோ பேனாவை மூடினாள். “யோசிக்கக் கூடாதுடி. பரீட்சை அன்னைக்கு உனக்காக எழுத உன் பக்கத்துல உக்காரப் போற பொண்ணு பத்தாவது படிக்கறவ. என்னைவிட அவளுக்குக் கம்மியாத்தான் தெரியும். அவகிட்டயும் இப்படிக் கத்துவியா?”

முன்கடையில் தையல் இயந்திரம் நின்றது. “என்ன அங்க சத்தம்?” என்று புரொபசரின் அம்மா கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா, பின்னம்” என்றான் ரேடியோவின் தம்பி. இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவன் ரேடியோவுக்கு ஏழு நிமிடம் பின்னால் பிறந்தவன். ரெண்டு பேருக்குமான பேச்சையும் அக்காவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று வகுப்பில் சொல்வார்கள்; ரேடியோ என்ற பெயரும் அதனால்தான். மூன்று பேரும் பன்னிரண்டாம் வகுப்பு. தேர்வுக்கு முந்தைய விடுமுறையில், தையல்கடையின் பின்னறையில் காலை பத்து மணிக்குக் கூடிவிடுவார்கள். ஒப்பந்தம் எளிமையானது. கணக்கு புரொபசர் சொல்லித் தரவேண்டும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் இருந்த பிழையை எழுந்து நின்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர். வேதியியல் தம்பியின் பொறுப்பு. உயிரியலை ரேடியோ செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள், கேட்டது மறக்காது.

ஒன்பது நாளுக்கு முன்பு பள்ளி ஆய்வகப் படிக்கட்டில் மழை ஈரம் வழுக்கி, புரொபசரின் வலது மணிக்கட்டு முறிந்தது. விரல்கணுவிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் என்றார் மருத்துவர். தேர்வுக்கோ நான்கு வாரம்கூட இல்லை. தலைமையாசிரியை அவளை உட்காரவைத்து, “துணைத் தேர்வுல எழுதிக்கலாம்மா, ரெண்டு மாசம்தான் தள்ளிப் போகும்” என்றார். அந்த இரண்டு மாதத்தில் கல்லூரிச் சேர்க்கை எல்லாம் முடிந்து, ஒரு வருஷம் வீட்டில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். இன்னொரு வழி, சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆள். கீழ் வகுப்பில் படிக்கும் வேறு பள்ளி மாணவியாக இருக்கவேண்டும். சொன்னதை மட்டும் எழுதவேண்டும். ஒரு புள்ளிகூடத் தானாக வைக்கக் கூடாது. “நான் சொல்றேன் மேடம், அவங்க எழுதட்டும்” என்று புரொபசர் பட்டென்று சொல்லிவிட்டு வந்தாள்.

சொல்வது இவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கணக்கைக்கூட வாயால் போட்டதில்லை. கை போட்டது, அவள் கூடவே போனாள். எங்கே அடைப்புக்குறி திறக்கிறது, கோடு எதுவரை நீள்கிறது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரிந்திருந்தது. இப்போது அந்தக் கை மாவுக்குள் தூங்குகிறது. வாய்க்கு ஒன்றுமே தெரியவில்லை. கோபம் ரேடியோமேல் இல்லை என்பது தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு உறைத்தது.

“தப்பு என்னோடதுதான்” என்றாள். “முதல்ல இருந்து எழுது. பின்னம் ஆரம்பம். மேலே, எக்ஸ் கூட்டல் ஒன்று. கோடு. கீழே, இரண்டு. பின்னம் முடிஞ்சுது.”

இந்த முறை இரண்டு சரியான இடத்தில் விழுந்தது.

அதிலிருந்து அவர்களுக்கென்று ஒரு பேச்சு உருவானது. வர்க்கமூலக் குறி எதுவரை கூரை போடுகிறது என்று சொல்லவேண்டும். அடைப்பைத் திறந்தால் மூடவேண்டும். படங்களைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணி வெட்டும் மாதிரித் தாளில், காதில் விழுந்ததை மட்டும் வரைவான். இரக்கமே கிடையாது. “ஒரு பென்சீன் வளையம் போடு” என்றாள் முதல் நாள். வளையல்போல அழகான வட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. அப்புறம், ஆறு பக்கம், எல்லாம் ஒரே நீளம், ஒரு முனை நேரே மேலே பார்க்கணும், உள்ளே பக்கங்களைத் தொடாமல் ஒரு வட்டம் என்று சொல்லி வாங்கினாள். மின்சுற்றுப் படத்துக்கு இரண்டு நாள் ஆனது.

ஆனால் ஒரு கவலை அவளை அரித்தது. அரையாண்டில் கணக்கில் ரேடியோ வாங்கியது இருபத்தேழு. கணக்கில் தேறினால்தான் செவிலியர் கல்லூரி. அவளுக்குச் சொல்லித் தரவேண்டிய நேரத்தையெல்லாம் தான் தின்றுகொண்டிருப்பதாகப் புரொபசருக்குத் தோன்றியது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டாள். “உன் படிப்பு என்ன ஆகறது?”

“நீ ஒவ்வொரு வரியையும் இத்தனை பாடுபட்டுச் சொல்ற. நான் அதைக் கேட்டுக் கேட்டு எழுதறேன். இது படிப்பு இல்லாம வேற என்னடி?” என்றாள் ரேடியோ. புரொபசருக்கு அது ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் பட்டது.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது முழு வினாத்தாளுக்கு ஒத்திகை பார்த்தார்கள். தம்பி கடிகாரத்தை மேசையில் வைத்துக் கண்காணிப்பாளராக உட்கார்ந்தான். ஒரு தொகையீட்டுக் கணக்கில் புரொபசர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். ரேடியோ எழுதவில்லை.

“என்ன?”

“இரு. மேல் வரியில இருந்த மைனஸ் எங்க போச்சு?”

புரொபசர் பார்த்தாள். மைனஸ் இல்லை. அவள்தான் விட்டிருந்தாள். “நீ யோசிக்கக் கூடாதே.”

“யோசிக்கல. கை தானா நின்னுடுச்சு.”

அன்று சாயங்காலம் ரேடியோ தனியாக அதே மாதிரி ஒரு கணக்கை எடுத்துவைத்துக்கொண்டாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பின்னம் ஆரம்பம், மேலே, கோடு, கீழே. முடித்ததும் தாளைத் தம்பியிடம்தான் தள்ளினாள். அவன் வரிவரியாகப் பார்த்துவிட்டு, “சரி” என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய சொற்பொழிவு. புரொபசர் இடது கையால் பென்சில்களைச் சேர்த்து வைத்தாள். முகத்தில் எழுந்த சந்தோஷத்தை மறைக்க அந்த வேலை தேவைப்பட்டது.

தேர்வு நாளில் அவளுக்குத் தனியறை. எழுத வந்திருந்தவள் ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண். பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் கதவருகே விடைத்தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் தப்பா எழுதி உங்களுக்கு மார்க் போயிட்டா?”

“போகாது. தப்பா எழுத முடியாத மாதிரி நான் சொல்றேன். கோடு போடுன்னா போடு, நிறுத்துன்னா நிறுத்து. வேற எதையும் நினைச்சுப் பயப்படாத.”

மணி அடித்தது. முதல் பக்கம் மெதுவாக நகர்ந்தது. மூன்றாம் பக்கத்தில் இருவருக்கும் ஒரே மூச்சு வந்துவிட்டது. வராந்தாவில் யாரோ நடந்துபோகும் சத்தம்கூட உள்ளே நுழையவில்லை. புரொபசர் கண்ணை மூடியபடி சொன்னாள். எழுதாத வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அவளுக்குத் தெரிந்தன. பெரிய கணக்கின் நடுவில், அடுத்த வரி எப்படித் திரும்பவேண்டும் என்று யோசிக்கச் சற்று நிறுத்தினாள். பேனா தாளில் உரசும் சத்தமும் நின்றது. கண்ணைத் திறந்தாள். அந்தச் சின்னப் பெண் அவளைப் பார்க்கவில்லை. திறந்த அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டு, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே பேனாவைப் பிடித்தபடி, அதை மூடச் சொல்லும் குரலுக்காகக் காத்திருந்தாள்.